வெள்ளைக்கல் சரிவு

நான்கு பேருக்குத்தான் டிக்கெட் போட்டோம்.
உருக்காலையில் பராமரிப்பு நிறுத்தம் என்று
என் விடுப்பின் மேல் சிவப்பு மை விழுந்தது.
பிப்ரவரி ஏழு, மூன்று பேர் போனார்கள்.
‘உருக்குற எடத்துல இருக்கறவளுக்குப் பனி எதுக்கு?’
விமானம் ஏறுமுன் மாதேஷ் அனுப்பினான்.
சிரிக்கும் முகம் ஒன்றைத் திருப்பி அனுப்பினேன்.
சிரிக்கவில்லை.

நமக்குப் பனி ஒரே சொல்.
புல்நுனியில் நிற்பதும் அது.
ஏற்காட்டுப் பதினெட்டாம் வளைவில்
ஹெல்மெட் கண்ணாடியைக் குருடாக்குவதும் அது.
முழங்கால் புதைய விழுந்துகிடப்பதற்கும்
அதையேதான் சொன்னார்கள் போனில்:
‘பனிடீ, ஒரே பனி.’
மேற்கொண்டு சொல்ல வரவில்லை யாருக்கும்.

இரவுப் பணியில், உருளைகளின் இரைச்சலுக்கு நடுவே
வீடியோ பார்த்தேன்.
இன்னும் சுருட்டாத தகடு போல ஒரு மலை.
அதில் ஷம்ஷாத்,
இருபது நொடியில் பதினாறு நொடி
விழுந்தே கிடக்கிறாள்.
ஜெரோம் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்து
இறங்க மாட்டேன் என்கிறான்.
அவனைத் தாண்டிப் போகிறது
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு
ஐந்து வயது ஜப்பான் குழந்தை.

விடுதிக்காரரிடம் பழைய பலகை ஒன்றைப்
பேரம் பேசி வாங்கிவந்தாள் ஷம்ஷாத்.
ஏற்காடு எக்ஸ்பிரஸில் பலகை படுத்துவந்தது,
அவள் உட்கார்ந்துவந்தாள்.
கோட்டைத் தெருவில் இறக்கியதும்
எதிர்வீட்டு அக்கா எட்டிப்பார்த்தார்:
‘இஸ்திரி போடற பலகையா கண்ணு?’
‘இல்லக்கா, இந்தப் பலகைக்கே இஸ்திரி போடணும்.’
பொய்யில்லை.
அங்கே ராத்திரிதோறும் மெழுகு உருக்கி
அதன் வயிற்றில் தேய்த்திருக்கிறாள்,
கீறல் விழாமல்,
பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பது போல.

ஏப்ரல், ஞாயிறு, பதினோரு மணி.
காரணம் சொல்லாமல் என்னை
மாதேஷின் ஆம்னியில் ஏற்றினார்கள்.
கருப்பூர் தாண்டி, மேக்னசைட் சுரங்கத்துக்குப் பின்னால்
தோண்டியவர்கள் வேண்டாமென்று கொட்டிய வெள்ளைக் குன்று.
கண் கூசியது. செருப்பைத் தாண்டிச் சுட்டது.
அதற்குப் பின்னால் சேர்வராயன்
ஒன்றும் தெரியாத மாதிரி நீலமாக நின்றது.

மண்டியிட்டு என் கான்வாஸ் ஷூவைப்
பட்டையில் மாட்டினாள் ஷம்ஷாத்.
தொளதொளவென்றிருந்ததால்
துப்பட்டாவை இரண்டாகக் கிழித்துக் கட்டினாள்.
‘முட்டியை மடக்கு. கீழ பாக்காத.
விழறதுன்னா உக்காந்து விழு.’
அவ்வளவுதான் அவளுக்கும் தெரியும்.

தோசைக்கல்லைச் சுரண்டும் சத்தம்.
மூன்று முழம் போய் விழுந்தேன்.
மறுபடி. வாயெல்லாம் மாவு.
மறுபடி,
இந்த முறை தரை என்னைவிட்டுக் கழன்றது.
மொத்தச் சேலமும் சாய்ந்து
பக்கவாட்டில் ஓடியது.
பதினோரு நொடி என்றான் மாதேஷ்,
ஒன்பது என்றான் ஜெரோம்.
அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

விசில் ஊதியபடி காவலாளி வந்தார்.
‘பெர்மிசன் இருக்குதா?’
இல்லை என்றோம்.
பலகையைத் தட்டிப்பார்த்தார். விலை கேட்டார்.
பிறகு போனை வாங்கி,
‘நான் புடிக்கிறேன், நாலு பேரும் நில்லுங்க’ என்றார்.
அந்தப் படத்தில்தான்
நாங்கள் நால்வரும் ஒரே வெள்ளையில் இருக்கிறோம்.

சாலையோரக் கரும்பு ஜூஸ் கடை.
வண்டியில் சாய்த்திருந்த பலகையை
எதற்கோ திருப்பினேன்.
வயிறு முழுக்கக் கீறல்,
ஆழமாக, குறுக்கும் நெடுக்குமாக.
இனி எந்தப் பனியிலும் அது வழுக்காது.

அவள் பார்த்தாள். பலகையைத் திருப்பிவைத்தாள்.
கடைக்காரரிடம் சத்தமாக,
‘அண்ணா, இவளுக்கு மட்டும்
ஐஸ் தூக்கலா போடுங்க.
ஜப்பான் போகல.’

அவர் ஏனென்று கேட்கவில்லை.
சாக்கிலிருந்து ஒரு கட்டியை எடுத்து
உடைக்கத் தொடங்கினார்.